கண் திறக்காத மீன்கள்

செவிலிமேட்டுப் பாலத்தின் மேல் போகாமல் கீழே மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பாலத்தில் போனால் பஸ்ஸிலிருந்து தெரிந்தவர் யாராவது கூப்பிடுவார்கள், நின்று பதில் சொல்ல வேண்டும். தோளில் சாக்கு. சாக்குக்குள் நாற்பத்தொரு மர மீன்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒன்றோடொன்று முட்டி, யாரோ வெறும் தறியை ஓட்டிப் பார்ப்பது போலச் சத்தம் போட்டன.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றித்தான் நடக்க முடிந்தது. நடு ஆற்றில் ஊற்றுத் தோண்டி ஒரு அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள், பிறகு சாக்கைப் பார்த்தாள்.

“இன்னாப்பா அது, அடுப்புக் கட்டையா?”

“மீனும்மா.”

“மீனா? எங்க புடிச்ச?”

“இங்கதான். பாலாத்தங்கரையில.”

கையிலிருந்த துணியைக் கல்லின் மேல் போட்டுவிட்டுச் சிரித்தாள். “பொடவை நனைக்கத் தண்ணி இல்ல, இவுரு சாக்கு நெறைய மீன் புடிச்சிக்கினு போறாரு. எங்க, ஒண்ணு காட்டு பாக்கலாம்.”

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“செதுக்கினவன் நல்லாத்தான் செதுக்கிக்கிறான். முழிதான் பேயப் பாத்த மாதிரி இருக்குது.”

செதுக்கியவர் ஆசாரி. முழி வைத்தவன் நான். அதனால்தான் அன்றைக்கு நடந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் செங்கல் சூளை, லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவரைப்பு, ராணிப்பேட்டையில் தோல் அலசும் வேலை என்று போனது. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இரண்டு இடத்தில் விரட்டினார்கள். மற்ற இடங்களில் நானாகத்தான் கிளம்பினேன். காலையில் எழுந்திருக்கும்போது ஒரு நாள் உள்ளங்கால் அரிக்கும். அன்றைக்குப் போய்விடுவேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

காஞ்சிபுரத்துக்கு வந்தபோது தோல் தொட்டியின் சுண்ணாம்பில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய சமயம். பஸ் நிலையத்தில் சுமை தூக்குகிற ஒருவர், செவிலிமேட்டுக்கும் ஓரிக்கைக்கும் நடுவே ஒரு பட்டறை இருக்கிறது, தண்ணீரில் நிற்க ஆள் தேடுகிறார்கள் என்றார்.

“தண்ணில நின்னு இன்னா செய்யணும்?”

“மீன் நீஞ்சுதான்னு பாக்கணுமாம்.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் நிஜம்.

பட்டறை ஒரு அம்மாளுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தறியில் ஊடை இழையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடா என்ற கட்டையை நெசவாளர்களுக்குக் கடைந்து கொடுப்பதுதான் அவர்கள் தொழில். சென்னையிலிருந்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் வேறு வேலையாக வந்தவர், அந்த நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு முனையும் கூராக இவ்வளவு வழவழப்பாகச் செய்கிறவர்களுக்கு மீன் செய்வது பெரிய விஷயமா என்று கேட்டாராம். வெளிநாட்டில் பொழுது போவதற்காகத் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புழு கோப்பதில்லை. விரல் நீள மர மீனை நூலில் கட்டி எறிந்து இழுப்பார்கள். அது நீந்துவதைப் பார்த்துப் பெரிய மீன் வந்து கவ்வும். பட்டறையில் அதற்குப் பெயர் பொய்மீன்.

கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள். நெட்டி மாதிரி இலேசான மரம். உளியால் செதுக்கி, தேய்த்து, வயிற்றில் துளை போட்டு ஈயக் குண்டு வைத்து அடைத்து, மூக்கில் கம்பி வளையமும் தாடைக்குக் கீழே தகட்டில் ஒரு உதடும் பொருத்துவார்கள். அந்த உதடு தண்ணீரைத் தள்ளுவதால்தான் மீன் வாலாட்டும். அதன் பிறகு என்னிடம் வரும்.

எனக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. யாரோ முன்பு பட்டுக்குச் சாயம் போடக் கட்டியது. சுவரில் அரக்குச் சிவப்பு ஊறிப்போய் இருந்தது. அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூங்கில் குச்சியின் நுனியில் மீனைக் கட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பேன். முதுகு மேலே இருக்க நேராக வாலாட்டி வந்தால் வலது கைத் தட்டு. ஒருக்களித்தால் இடுக்கியால் மூக்கு வளையத்தை மயிரளவு திருகி மறுபடி இழுப்பேன். மூன்றாம் முறையும் ஒருக்களித்தால் இடது கைக் கூடை. கூடைக்குப் போனதற்கு ஆசாரிக்குக் கூலி கிடையாது. அது பசை காய்ச்சும் அடுப்புக்குப் போகும்.

கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. மழைக்காலத்தில் இருமல் வந்தது. ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளங்கால் தண்ணீரில் ஊறிக்கிடந்ததால் அரிக்காமல் இருந்ததோ என்னவோ, பதினான்கு மாதம் இருந்துவிட்டேன்.

ஆசாரி சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கோயில் வாகனங்கள் செய்கிற குடும்பம். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். வாகன வேலை திருவிழாவை ஒட்டித்தான் வரும். மற்ற மாதங்களில் இங்கே மீன். நக்கல் பிடித்த மனிதர். நான் ஒரு மீனைக் கூடையில் போடும்போதெல்லாம், “போடு நைனா, போடு. எம் புள்ளைய எங்கண்ணு முன்னாலயே பெயில் பண்றான் பாரு வாத்தி” என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். மீனுக்குக் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். செதுக்கி, ஈயம் ஏற்றி, என்னிடம் தேறி, மெருகு பூசிக் காய்ந்து, பெட்டியில் அடுக்குகிற நாளன்று காலையில் குளித்துவிட்டு வருவார். மீன்களை வரிசையாகக் கம்பியில் தொங்கவிட்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. ராகு காலத்தில் தொட மாட்டார். அது முடிகிற வரைக்கும் யாரோடும் பேச மாட்டார்.

ஒரு தடவை அம்மாள் கேட்டேவிட்டாள். “ஏம்பா, தூண்டில் மீனுக்கெல்லாமா நல்ல நேரம் பாக்கறது? வண்டிக்காரன் வந்து நிக்கிறான்.”

“எனக்குத் தெரியும்மா இது மீனுன்னு. கைக்குத் தெரியாது, கருடனா கெண்டையான்னு” என்றார்.

கழித்த மீனுக்கு அவர் கண் வைத்ததே இல்லை. கோயில் வேலையில் விரிசல் விட்ட பொம்மையை ஒதுக்கினால் ஒதுக்கியதுதான், அதற்குக் கண் திறப்பதில்லை. கண் திறந்ததைப் பிறகு அடுப்பில் போடவும் கூடாது. அதனால் எங்கள் கூடையில் கிடந்த மீன்கள் எல்லாம் குருட்டு மீன்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை கிடையாது. சும்மா உட்கார எனக்கு வராது. அம்மாளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூரம் ஏரிக்குப் போவேன். அடுப்புக்குப் போக இருந்த மீன்களில் இரண்டு மூன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். தூண்டில் முள் வாங்கிக் கட்டி எறிந்தால் விரால் வருமா என்று பார்க்கத்தான். முதல் ஞாயிறே வந்தது. முழங்கை நீள விரால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கவ்வியது. அடுத்த ஞாயிறும் வந்தது. தவளை கோத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து என் தூண்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் வேண்டுமென்றே தேறிய மீன் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனேன். பொழுது சாயும்வரை எறிந்தேன். ஒன்றும் தொடவில்லை. அதே இடத்தில் கழித்த மீனை எறிந்தேன். நாலாவது எறிதலில் விரால்.

அதற்குப் பிறகுதான் கட்டை விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன். கழித்த மீன்களில் பாதிக்கு மேல் இடது கன்னம் ஒரு பொட்டு அதிகமாக உப்பியிருக்கும். ஆசாரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செதுக்கியவை அவை. கை களைத்தால் உளி அந்தப் பக்கம் கொஞ்சம் மேலோட்டமாகப் போகும். அந்த மீன் நேராக வராது. இரண்டு முழம் வந்து ஒருக்களிக்கும், திணறி நிமிரும், மறுபடி ஒருக்களிக்கும். அடிபட்ட மீன் அப்படித்தான் போகும். விராலுக்கு வேண்டியதும் அதுதான்.

அதுவரை நான் கூடையில் போட்டதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி. கூலி இல்லாமல் அடுப்பில் எரிந்தவையும் இந்த மாதிரிதான். இதை உடனே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆவணி மாதம் மெஷின் வந்தது. காப்பி மெஷின் என்று அதற்குப் பெயர். நடுவில் மாதிரி மீன் ஒன்றை மாட்டுவார்கள். பக்கத்தில் நாலு கட்டை. எல்லாம் ஒன்றாகச் சுழலும். மாதிரி மேல் ஒரு சின்னச் சக்கரம் ஊர்ந்து போகும். சக்கரம் ஏறினால் நாலு கத்தியும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒரு டீ குடித்து வருவதற்குள் நாலு மீன். சத்தம்தான் தாங்காது. மாதிரிக்கென்று ஆசாரியின் மீன்களிலேயே நன்றாக நீந்துகிற ஒன்றை எடுத்து மாட்டியிருந்தார்கள். ஆசாரி அதைச் சுற்றி வந்து பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அட, என் கையைவுட நல்லாக் கீது. தும்மல் வராது, பீடி குடிக்காது. இதுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சிடுங்கம்மா” என்றார்.

ஆனால் மெஷின் வாடகைக்கு வந்திருந்தது. வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்பதை ஏற்றுமதிக்காரர் முடிவு செய்வதாக இருந்தது. பதினைந்து நாளில் வருகிறேன், கை மீன் நூறு, மெஷின் மீன் நூறு, நீந்தித் தேறியதாக மேசை மேல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கை மீன் நூறும் சரியாக இருந்தால் வருஷ ஆர்டர் ஆசாரிக்கும், அவர் கூட்டி வந்து உளி பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும். இல்லையென்றால் மெஷினுக்கு. கூடவே ஒரு நிபந்தனை: மூக்கு வளையத்தைத் திருகிச் சரிப்படுத்தக் கூடாது. மெஷின் மீனுக்குத் திருக வேண்டிய தேவை இல்லையாம்.

அந்த நிபந்தனையின் அர்த்தம் எனக்கு அப்போதே தெரிந்தது. மெஷின் மீன்கள் தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக வந்தன. இரண்டோ மூன்றோதான் கழிந்தன. ஆசாரி பதினைந்து நாளும் ஓய்வில்லாமல் செதுக்கி நூறு கொடுத்தார். வளையத்தைத் திருகாமல் இழுத்ததில் ஐம்பத்தொன்பது தேறியது. நாற்பத்தொன்று கூடையில்.

அந்த ஐம்பத்தொன்பதுக்கும் அவர் காலையிலேயே கண் வைத்துவிட்டார். ஏற்றுமதிக்காரர் மதியத்துக்கு மேல் வருவதாக இருந்தது. அப்போதுதான் ஏரி விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணே, கூடையில கெடக்குதே, அதுதாண்ணே மீன் புடிக்குது. நானே புடிச்சிக்கிறேன்.”

“எத்தினி நாளா?”

“மூணு நாலு மாசமா.”

“மூணு மாசமா வெரால் கொழம்பு தின்னுக்கினு, இங்க வந்து எம் மீன பெயில் போட்டுக்கினு இருந்தியா?”

நான் கூடையை அவர் பக்கம் நகர்த்தினேன். “அந்த நாப்பத்தொண்ணுக்கும் கண்ணு வெச்சிடுண்ணே. நூறா மேசையில வெப்போம். அவுரு எடுத்துப் பாத்து நொண்டுதேன்னு கேட்டா, நான் ஏரிக் கதைய சொல்றேன்.”

“கழிச்சதுக்கு நான் கண்ணு தொறக்க மாட்டேன்.”

“கழிச்சவன் நான்தானே? நானே சொல்றேன், தப்பாக் கழிச்சிட்டேன்.”

“கழிச்சா கழிச்சதுதான்பா. நாளைக்கு நீ வந்து, செத்தவன் சாவலைன்னு சொல்லுவ. அதுக்கும் நான் ஆடணுமா?” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவள் தன் கவலையில் இருந்தாள். “ஏம்பா, தறியில பாவு இழை அறுந்தா முடிஞ்சிக்கலாம். பேரு அறுந்தா முடிய முடியாது. நொண்டி மீன அனுப்பினோம்னு பேரு வாங்கித் தராத எனக்கு.”

பட்டறையில் யாரும் இல்லை. மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். ஆசாரியின் கறுப்பு எனாமல் டப்பா மூடி திறந்தபடியே இருந்தது. அவருடைய தூரிகையைத் தொடத் தைரியம் வரவில்லை. தீக்குச்சியின் முனையை மென்று நசுக்கிக்கொண்டேன். நாற்பத்தொரு மீனையும் கூடையிலிருந்து எடுத்து, அவசரமாக மெருகு தடவி, கம்பியில் தொங்கவிட்டு, காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே ஆளுக்கு இரண்டு புள்ளி வைத்தேன். தீக்குச்சிக்கு அடங்காமல் சில புள்ளிகள் பெரிதாகிவிட்டன. சில ஒழுகின. கடைசியாக, போன ஞாயிறு நான் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய் வந்த மீன். அதன் முதுகில் விரால் பல்லின் தடம் இருந்தது. அதற்கு மட்டும் நிதானமாக வைத்தேன். நன்றாகவே வந்தது.

ஆசாரி வெற்றிலையை மென்றுகொண்டே உள்ளே வந்தவர் கம்பியைப் பார்த்து நின்றுவிட்டார். கிட்டே போய் ஒரு மீனை விரலால் திருப்பினார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்து வந்தார்.

“குளிச்சியா?” என்றார்.

“இல்லண்ணே.”

“மணி என்னா இப்ப?”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ராகு காலம். அதை நான் யோசிக்கவே இல்லை. அவர் அதற்கு மேல் எதுவும் பேசுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. நான் நாற்பத்தொன்றையும் கம்பியிலிருந்து எடுத்து, மேசையில் அவருடைய ஐம்பத்தொன்பதோடு சேர்த்து வைத்தேன்.

ஏற்றுமதிக்காரர் நல்ல மனிதர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேசையில் இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் நூறு. “பரவாயில்லையே, கையாலயும் நூறு முடிச்சிட்டீங்களே” என்றார். அம்மாள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த நிமிஷத்தில் ஆசாரி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

“நூறு இல்ல சார். என்னுது அம்பத்தொம்போதுதான்” என்றார் ஆசாரி. கையை நீட்டி என் மீன்களை மேசையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “இது என்னுது இல்ல.”

“செதுக்கினது நீங்கதானே?”

“செதுக்கினது நான். கண்ணு நான் வெக்கல. கண்ணு வெக்காதது எம்பொருள் ஆவாது.”

அவருக்குப் புரியவில்லை. நான் நடுவில் புகுந்து ஏரி, விரால், இடது கன்னம் எல்லாவற்றையும் கொட்டினேன். பல்லின் தடம் உள்ள மீனை எடுத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அதை வாங்கி, அவரே தொட்டியருகே போய் இழுத்துப் பார்த்தார். மீன் ஒருக்களித்துத் திணறி வந்தது.

“நீ சொல்றது நெசமாவே இருக்கலாம் தம்பி. ஆனா உங்க ஏரிய நான் கப்பல்ல ஏத்திக்கினு போயிக் காட்ட முடியாதே. பொட்டியத் தொறந்து பத்து மீன் எடுத்தான்னா பத்தும் ஒரே மாதிரி போவணும். ஒண்ணு நேரா, ஒண்ணு நொண்டின்னா பொட்டியையே திருப்பிடுவான்.”

மெஷின் நின்றது. அதாவது, பட்டறையிலேயே இருந்துவிட்டது. ஆசாரியை அனுப்பவில்லை. மாதிரி தேய்ந்தால் புதிதாகச் செதுக்க அவர் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு மீன். அவர் கூட்டி வந்த இருவரும் அன்றைக்கே உளியைத் துணியில் சுற்றிக்கொண்டார்கள். மெஷின் மீனுக்குத் தொட்டியில் ஆள் நிற்கத் தேவையில்லை என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆசாரி ஒரு சாக்கு கொண்டு வந்தார். நாற்பத்தொரு மீனையும் அவரே எண்ணிப் போட்டார். பல்லின் தடம் உள்ளதையும் போட்டார். வாயைக் கட்டி என் கையில் கொடுத்தார்.

“கண்ணத் தொறந்தவன்தான் கூட்டிக்கினு போவணும். அடுப்புல போட முடியாது, இங்க வெக்கவும் முடியாது.”

“கோவமாண்ணே?”

“கோவம் இன்னா கோவம். நீ தொடாம அம்பத்தொம்போதா இருந்திருந்தாலும் தோத்திருப்பேன். நூறா வெச்சி ஜெயிச்சிருந்தா, அப்பறம் வருசம் பூரா ஒவ்வொரு மீனையும் கையில எடுக்கும்போது யாருதுன்னு தேடிக்கினு இருக்கணும்.” சாக்கு முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆனா நீ மூணு மாசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம்பா” என்றார்.

அதுதான் ஆற்று மணலில் என்னோடு கூடவே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால்.

துணி துவைத்த அம்மாளிடமிருந்து மீனை வாங்கிக்கொண்டு அக்கரை ஏறி, வந்தவாசி சாலையோரத்தில் ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்தேன். பல்லின் தடம் உள்ள மீனை எடுத்துக் கட்டை விரலால் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். பத்து மீனும் ஒரே மாதிரி போக வேண்டும் என்று அவர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. ஒரே மாதிரி. நேராக என்று அவர் சொல்லவில்லை, ஒரே மாதிரி என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மெஷினுக்கு நேர் எது கோணல் எது என்று தெரியாது. மாதிரி மீன் நொண்டியாக இருந்தால் நாலு கத்தியும் நாலு நொண்டி மீனைக் கொடுக்கும். உப்பின கன்னத்தில் சக்கரம் ஏறும், கத்தியும் ஏறும். பெட்டியைத் திறந்தால் பத்தும் ஒரே மாதிரி நொண்டும். ஆசாரி கை களைத்துச் செய்ததைக் களைக்காத மெஷின் ஆயிரம் தடவை செய்யும். கையா மெஷினா என்று பதினைந்து நாள் அடித்துக்கொண்டோம். மாதிரியில் எந்த மீனை மாட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொட்டியில் நின்ற நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

எழுந்து பாலத்தை நோக்கி இருபது முப்பது அடி நடந்தேன். நின்றேன். விட்டுவிட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போய் எனக்குப் பழக்கமில்லை. போய் நின்றால் அவர் முகத்தில் என்ன இருக்கும் என்பதும் தெரியவில்லை. மறுபடி கல்லுக்கு வந்தேன். மறுபடி பாலம். இப்படி மூன்று தடவை. இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர், “எதுனா தொலைச்சிட்டியாப்பா?” என்றார்.

அவரிடம் இளநீர் சீவுகிற கத்தியைக் கேட்டு வாங்கினேன். மீனின் கண்ணை இரண்டு பக்கமும் சுரண்டினேன். நாற்பத்தொன்றில் நன்றாக வந்த கண் அது ஒன்றுதான். சுரண்டுவது வைத்ததைவிடப் பெரிய பாவமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் கண் இல்லாமல் போனால்தான் ஆசாரி அதைத் தொடுவார் என்று பட்டது. வெறும் மரம் தெரிகிற வரைக்கும் சுரண்டிச் சட்டையில் துடைத்தேன். பீடிக் கட்டின் காகிதத்தைப் பிரித்து, இளநீர்க்காரரின் பேனாவால் எழுதினேன்: ‘ஆசாரி அண்ணனுக்கு. இதுக்கு கண் இல்லை. மெஷினுக்கு இதை மாதிரி வைங்க.’ வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

காஞ்சிபுரம் போகிற பஸ்ஸை நிறுத்தி, செவிலிமேடு நிறுத்தத்து டீக்கடையில் கொடுத்துவிடுங்கள், பட்டறை ஆசாரி தினமும் அங்கேதான் டீ குடிப்பார் என்றேன். கண்டக்டர் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“உள்ள இன்னா?”

“மீனு.”

“நாறுமா?”

“மரம்ணா அது.”

“மர மீனப் போயி பார்சல் அனுப்புறான் பாரு” என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அது போய்ச் சேர்ந்ததா, ஆசாரி பிரித்தாரா, மாட்டிப் பார்த்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. பிறகு பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பட்டறை இருந்த இடத்தில் வீடுகள் இருந்தன.

பொழுது சாய்ந்ததும் சாலையோரம் லாரிகளுக்கு வர்ணம் அடிக்கிற ஒரு கொட்டகையில் ஒதுங்கினேன். படுக்கச் சாக்கு கொடுத்தார்கள். என் சாக்கு தலைக்கு ஆகவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் குத்தியது.

காலையில் கொட்டகைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டார். மீனை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஆற்றில் அந்த அம்மாள் பார்த்த மாதிரியே பார்த்தார்.

“இந்த முழி யாரு வெச்சது?”

நான் சாக்கை இழுத்துக்கொள்ளப் போனேன். “நான்தான்” என்றேன்.

“இங்க வா.”

கொட்டகைக்குப் பின்னால் சாம்பல் பூசணிக்காய்கள் மலையாகக் குவிந்திருந்தன. மகாளய அமாவாசை வரப்போகிறது. கடைகளிலும் கட்டுகிற வீடுகளிலும் லாரிகளிலும் தொங்கவிடுகிற திருஷ்டிப் பூசணிக்குப் பூத முகம் எழுத அவருக்கு ஆள் இல்லை. எழுதுகிறவன் ஊருக்குப் போய்விட்டான். “பாத்தாலே பயப்படணும். அந்த மீனுக்குப் போட்டியே, அதே முழிய இதுக்குப் போடு. சாப்பாடு இங்கயே” என்றார்.

நல்ல நேரமா, குளித்தாயா என்று அவர் கேட்கவில்லை. நானே போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் பூசணியை மடியில் வைத்துக்கொண்டு, வாயிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சிவப்பில் தூரிகையைத் தோய்த்தேன்.

“அது அப்பறம் வரையலாம்பா” என்றார். “மொதல்ல கண்ண வை.”